கோமாரி போன பிறகு வரும் மடிநோய்: வைரஸ் மடியின் காவலை எப்படிக் குலைக்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும்?

கோமாரி வந்த மாட்டின் வாயையும் குளம்பையும்தான் நாம் பார்க்கிறோம். எச்சில் ஒழுகுகிறதா, நொண்டுகிறதா, குளம்புப் பிளவில் புழு வைத்துவிட்டதா என்றே கவலை. பத்துப் பன்னிரண்டு நாளில் மாடு தீனி எடுக்க ஆரம்பித்ததும் ‘தப்பிச்சிருச்சு’ என்று மூச்சு விடுவோம்.

எங்கள் கொட்டகையில் மூன்றாம் ஈத்துக் கலப்பின ஜெர்சி ஒன்று அப்படித்தான் தப்பித்தது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் வலது பின்காம்பின் முதல் பீச்சலில் அரிசிக் குருணை மாதிரி நாலு திரி விழுந்தது. மடி வீங்கவில்லை, சுடவில்லை, மாடு உதைக்கவும் இல்லை. வெயில் காலம், சூடு பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தக் காம்பு அந்த ஈத்து முடியும் வரை கால் லிட்டரைத் தாண்டவில்லை.

அன்று எனக்குப் புரியாமல் போனது இதுதான்: மடியைக் கெடுத்தது பாக்டீரியா, ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது வைரஸ். கோமாரியோ அம்மையோ வந்த மாட்டுக்கு மடிப் பராமரிப்பு, மடி வீங்கிய அன்று தொடங்க வேண்டியதல்ல. காய்ச்சல் அடித்த அன்றே தொடங்க வேண்டும். எப்படி என்பதற்கு முன்னால் மடியின் காவல் ஏற்பாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். அது தெரிந்தால் பின்னால் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் தானாக விளங்கும்.

மடிக்கு யார் காவல்?

முதல் காவல் காம்பு நுனி. அங்கே உள்ள பால் துளை சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். அதைச் சுற்றி ஒரு வளையத் தசை சுருக்குப்பை மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கிறது. துளையின் உட்சுவரில் மெழுகு போன்ற கெரட்டின் பூச்சு இருக்கும். உள்ளே நுழையப் பார்க்கும் கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த கறவையில் வெளியே போய்விடும். கறந்து முடித்ததும் இந்தத் துளை உடனே மூடிக்கொள்ளாது, குறைந்தது அரை மணி நேரமாவது ஆகும். கறந்தவுடன் தீவனம் போட்டு மாட்டை நிற்க வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். படுத்தால் திறந்த துளை சாணத்தில் படும்.

இரண்டாம் காவல் வெள்ளணுக்கள். நல்ல மடியின் பாலில் ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே அணுக்கள் இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் அந்தக் காம்பில் ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கிருமி நுழைந்ததும் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற அணுக்கள் சில மணி நேரத்தில் மடிக்குள் பாயும். ஆனால் பாலுக்குள் வந்தால் அவை கொழுப்பையும் கேசின் என்ற பால் புரதத்தையும் சேர்த்து விழுங்கிச் சோர்ந்துபோகும். சண்டைக்கு வந்த படை விருந்தில் உட்கார்ந்த கதை. நல்ல நாளிலேயே மடிக்கு இவ்வளவுதான் பலம். இதன் மேல்தான் வைரஸ் வந்து விழுகிறது.

வைரஸ் நாலு வழியில் வருகிறது

ஒன்று, தோலை உடைப்பது. கோமாரியில் வாயில் வரும் கொப்புளம் காம்பிலும் வரும். தோல் கழலை நோயில், ஊரில் பெரியம்மை என்பார்கள், கழலை மடியிலும் காம்பிலும் எழும்பிப் புண்ணாகும். இது தவிர மடியில் மட்டும் வரும் அம்மைகளும், காம்புத் தோலை உரித்துவிடும் ஒரு ஹெர்பிஸ் வைரஸும் உண்டு. வைரஸ் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: வழவழப்பாக இருந்த காம்பு நுனி வெடித்து, பொருக்குத் தட்டி, ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குக் குடியிருக்க இடமாகிவிடும். துளைக்கு நேர் மேலே ஒரு புண் இருந்தால் பால் பீச்சும் ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே எட்டிப் பார்க்கும்.

இரண்டு, மடிக்குள்ளேயே பெருகுவது. கோமாரி வைரஸ் பால் சுரக்கும் திசுவிலும் பெருகக்கூடியது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் முன்பே பாலில் வைரஸ் வர ஆரம்பித்துவிடும். இதன் உச்சத்தை உலகம் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் பார்த்தது. டெக்சாஸ், கான்சாஸ் பண்ணைகளில் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் கறவை மாட்டின் மடியைப் பிடித்தது. பறவை வைரஸ் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் பசுவின் மடித் திசுவில் ஏராளமாக இருப்பது பிறகு தெரிந்தது. கன்று போட்டுப் பல மாதமான மாட்டின் பால்கூட சீம்பால் மாதிரி மஞ்சளாக, கெட்டியாக வந்தது. கறவை இயந்திரம் வழியாக மாட்டுக்கு மாடு பரவியது. அந்தப் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. மூச்சுக்குழாய் நோய் என்று நாம் நினைத்திருந்த ஒன்று மடிநோயாக வரும் என்று அதுவரை யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை.

மூன்று, காவலர்களையே அடிப்பது. பி.வி.டி. என்ற வைரஸ் கழிச்சல் நோய் ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சம் இருப்பவற்றையும் மந்தமாக்கும். மாட்டு ரத்தப் புற்று வைரஸ், எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி அணுக்களுக்குள் வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும். அது வந்த மாடுகளில் பெரும்பாலானவை புற்று வராமலே வாழ்ந்து முடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

நான்காவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் நம் கையில் இருப்பது அதுதான். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்த மாடு தின்னாது. தின்னாவிட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஏறும், அது நியூட்ரோஃபில்களின் வேகத்தைக் குறைக்கும். காம்பு எரிவதால் மாடு உதைக்கும். உதைக்கிற மாட்டை முழுதாகக் கறக்காமல் விடுவோம். மடியில் தங்கிய பால் கிருமிக்குச் சோறு. பசி, வலி, தங்கிய பால் இந்த மூன்றையும் சமாளித்தாலே பாதி காம்புகளைக் காப்பாற்றிவிடலாம் என்பது என் அனுபவம்.

முதல் படி: காய்ச்சல் தெரிந்த அன்றே

மாட்டின் சாதாரண உடல் வெப்பம் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும். 103-ஐத் தாண்டி, பாலும் திடீரென்று இறங்கினால் அந்த மாட்டைத் தனியே கட்டுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லிவிடுங்கள். கோமாரியும் பெரியம்மையும் மறைக்கக் கூடாத நோய்கள், 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமே அதைத்தான் சொல்கிறது.

கறவை வரிசையை அன்றே மாற்றுங்கள். முதலில் தலைச்சன் மாடுகள், அப்புறம் நல்ல மாடுகள், கடைசியில் நோய் மாடு. கறக்க ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால் இந்த வரிசை இன்னும் முக்கியம். தரையையும் பாத்திரத்தையும் கழுவ சலவைச் சோடா போதும். லிட்டருக்கு 40 கிராம் கரைத்தால் கோமாரி வைரஸ் தாங்காது.

கன்றை மடியில் விடாதீர்கள். இதைப் படித்துவிட்டு மற்றதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம். கோமாரி மாட்டின் பாலைக் குடித்த இளங்கன்றுக்கு வாயில் ஒரு கொப்புளம்கூட வராமல் இதயத் தசை அழிந்து, நின்ற இடத்தில் விழுந்து சாகும். அறுத்துப் பார்த்தால் இதயத்தில் புலி வரி மாதிரி வெளுத்த கோடுகள் இருக்கும். மருத்துவர்கள் அதைப் புலி இதயம் என்றே சொல்வார்கள். கன்றுக்குக் காய்ச்சி ஆறவைத்த பாலைப் புட்டியில் கொடுங்கள்.

இரண்டாம் படி: காம்புப் புண்

வெதுவெதுப்பான தண்ணீரில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டை வெளிர் ரோஜா நிறம் வரும் அளவுக்கு மட்டும் கரையுங்கள். கத்தரிப்பூ நிறத்துக்குப் போனால் அது தோலைப் பொசுக்கும். அதில் காம்பைக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். பிறகு போரிக் பொடியைக் கிளிசரினில் குழைத்துத் தடவுங்கள். தோல் இளகி இருந்தால்தான் வெடிக்காது.

பொருக்கைப் பிய்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிய்க்கக் கூடாது. துளை அடைத்துவிட்டது என்று வேப்பங்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப் என்று கையில் கிடைத்ததை உள்ளே விட்டுப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காம்புக்கு அதோடு கதை முடிந்தது.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புக் கலவையைப் பலர் கேட்பார்கள். பேராசிரியர் புண்ணியமூர்த்தி தமிழ்நாடு முழுக்க எடுத்துச் சொன்ன மரபு மருத்துவம் அது: கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இளக்கி, ஒரு நாளில் எட்டுப் பத்து முறை மடி முழுக்கப் பூசுவது. வீங்கிய மடிக்கு நானும் பூசுகிறேன். ஆனால் தோல் உரிந்த காம்பு நுனியில் சுண்ணாம்பு பட விடுவதில்லை. எரிச்சலில் மாடு உதைக்கும், உதைத்தால் பால் தங்கும், அதைத்தான் நாம் தவிர்க்கப் பார்க்கிறோம்.

ஈ இன்னொரு தொல்லை. கடி ஈ பெரியம்மையை மாட்டுக்கு மாடு கொண்டுபோகும். பச்சை ஈ புண்ணில் முட்டையிட்டுப் புழு வைக்கும். சாணக்குழி கொட்டகையை ஒட்டி இருந்தால் எந்த மருந்துக்கும் ஈ அடங்காது. முதலில் அதைத் தள்ளி வையுங்கள்.

மூன்றாம் படி: கறக்கும் கை

கட்டை விரலை மடக்கிக் கறக்கும் பழக்கம் நல்ல காம்பையே நசுக்கும், புண் காம்பைக் கிழித்துவிடும். உள்ளங்கை முழுவதும் காம்பைப் பிடித்து, மேலிருந்து கீழாக விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கறப்பதே சரி. கையில் கொஞ்சம் கிளிசரின் போட்டுக்கொள்ளலாம். பாலில் விரலை நனைத்துக் கறப்பதை மட்டும் செய்யாதீர்கள், ஒரு காம்பின் கிருமியை நாலு காம்புக்கும் பூசுகிற வேலை அது.

இரண்டு வேளைக் கறவையை, மாடு விட்டால், மூன்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே இருப்பில் முழுதாகக் கறக்க முடியாத மாட்டை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்து மடியைக் காலியாக வைப்பது மேல். இயந்திரக் கறவை என்றால் இந்த மாட்டை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கறந்து முடித்ததும் அரை சதவீத அயோடின், கிளிசரின் கலந்த காம்பு முக்கு மருந்தில் நாலு காம்பையும் முக்குங்கள். மிஞ்சிய மருந்தைப் புட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். துடைக்கும் துணி ஒரு மாட்டுக்கு ஒன்று. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தால் பத்துத் துண்டு வரும், செலவு கிடையாது.

உங்கள் கையையும் பாருங்கள். மடி அம்மை கறப்பவர் கையில் கொப்புளமாக வரும். எட்வர்டு ஜென்னர் 1796-இல் எட்டு வயதுச் சிறுவனுக்கு முதல் அம்மைப்பால் வைத்தபோது எடுத்தது ஒரு கறவைப் பெண்ணின் கையில் இருந்த அப்படி ஒரு கொப்புளத்திலிருந்துதான். மனித குலத்துக்கு அது நல்லதாக முடிந்தது. நமக்குக் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

நான்காம் படி: ஆறு வாரம் காம்பு காம்பாகக் கண்காணிப்பு

நான் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். மாடு தேறிய பிறகு மடியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வெளியே தெரியாத மடிநோய் வீக்கம் காட்டாது. சொசைட்டியில் எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலான திடச்சத்து, குறையும்போதுதான் நமக்கு உறைக்கும், அதற்குள் வாரங்கள் போயிருக்கும்.

தினமும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய குவளையில் பீச்சிப் பாருங்கள். திரி, தண்ணீர்ப் பதம், மஞ்சள் நிறம், ரத்தச் சாயல் எதுவானாலும் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் பீச்சிப் பார்க்க வேண்டாம், கிருமி தரையில் தங்கி அடுத்த மாட்டின் மடிக்குப் போகும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட ஒரு சோதனை உண்டு. கடையில் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை மருந்து, அதாவது சி.எம்.டி. கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் துணி துவைக்கும் தூளை லிட்டருக்கு 30 கிராம் என்று கரைத்துக்கொள்ளுங்கள். நாலு சின்ன வெள்ளைக் கிண்ணத்தில் நாலு காம்புப் பாலைத் தனித்தனியாக எடுத்து, அதே அளவு கரைசலை ஊற்றி, அரை நிமிடம் மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். அணுக்கள் கூடிய பால் கெட்டியாகிவிடும். இன்னும் மோசமானால் வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் இழுக்குமே, அந்த மாதிரி கொழகொழவென்று கிண்ணத்தோடு ஒட்டிச் சுழலும். சோப்பு வெள்ளணுக்களை உடைத்து உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை வெளியே இழுப்பதால் வரும் கொழகொழப்பு அது. கன்று போட்ட முதல் சில நாட்களிலும் பால் வற்றும் நேரத்திலும் எல்லாக் காம்பும் இப்படிக் காட்டும், பயப்பட வேண்டாம். நாலில் ஒன்று மட்டும் காட்டினால்தான் கவனிக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு ஆறு வாரம் வரை வாரம் ஒருமுறை செய்கிறேன். நோட்டுப் புத்தகம் எனக்குச் சரிப்படவில்லை, சாணி பட்டு நாசமாகும். தொட்டிக்கு மேல் சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம், அதற்குள் நாலு சின்னக் கட்டம், காட்டிய காம்புக்கு ஒரு பெருக்கல் குறி. யார் கறக்க வந்தாலும் கண்ணில் படும்.

ஐந்தாம் படி: மருத்துவர் வந்தால்

ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. பின்னால் வரும் பாக்டீரியாவுக்குத்தான் அது. எனவே எந்தக் கிருமி என்று தெரிந்து போடுவது நல்லது. பால் மாதிரியை ஊசி போடுவதற்கு முன் எடுக்க வேண்டும், போட்ட பின் எடுத்தால் ஆய்வகத்தில் ஒன்றும் வளராது. காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சல்களை விட்டுவிட்டு, கொதிக்க வைத்த புட்டியில் பிடித்து, ஐஸோடு அனுப்புங்கள்.

வலி மருந்து கேளுங்கள். வலி குறைந்தால் மாடு தின்னும், தின்றால் மடியின் காவல் நிமிரும். மெலாக்சிகம் போன்றவை மருத்துவர் கையில் இருக்கும். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபினாக் 2006-இலேயே கால்நடைக்குத் தடை செய்யப்பட்டது, யாராவது கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். ‘ஒரே ஊசியில் எழுந்திரும்’ என்று போடப்படும் ஸ்டீராய்டு பற்றியும் கேள்வி கேளுங்கள். அது நியூட்ரோஃபில்களை மடிக்குள் போக விடாமல் ரத்தத்திலேயே நிறுத்தி வைக்கும், உடம்பில் தூங்கும் ஹெர்பிஸ் வைரஸையும் எழுப்பிவிடும். மருந்து போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்பதைக் கேட்டு, அதையும் சுவரில் எழுதுங்கள்.

ஆறாம் படி: தீனி

வாய்ப்புண் மாட்டுக்குக் கேழ்வரகுக் கூழ், இளம் பசும்புல், நிறையத் தண்ணீர். பரிதாபப்பட்டு அரிசிக் கஞ்சியையோ சோற்றையோ வாளி வாளியாக வைத்துவிடாதீர்கள். வயிற்றில் அமிலம் ஏறி, கோமாரியில் சாகாத மாடு கஞ்சியில் சாகும். எந்தக் கூழானாலும் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுங்கள். தாது உப்புக் கலவையை நிறுத்த வேண்டாம், வெள்ளணுக்கள் வேலை செய்ய அதில் உள்ள செலினியம், துத்தநாகம், தாமிரம் தேவை. செலினியம் அதிகமானால் விஷம் என்பதால் தனி ஊசியாக நீங்களே வாங்கிப் போடாதீர்கள்.

ஏழாம் படி: பால் வற்றும்போது

வற்றிய மடியில் காம்புத் துளையைக் கெரட்டின் அடைப்பான் ஒன்று மூடிக்கொள்ளும். நுனியில் வைரஸ் தழும்பு இருந்தால் அந்த மூடி சரியாக உட்காராது. அதனால் கோமாரி வந்துபோன மாட்டை வற்ற வைக்கும்போது நாலு காம்பையும் ஒருமுறை சோதித்து, வற்று காலக் காம்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வற்றிய முதல் இரண்டு வாரமும் கன்று போடுவதற்கு முந்திய இரண்டு வாரமும் அதிக ஆபத்தான நாட்கள். கறக்கவில்லை என்பதற்காக மடியைப் பார்க்காமல் விடக் கூடாது.

எட்டாம் படி, உண்மையில் முதலில் செய்ய வேண்டியது: தடுப்பூசி

தேசியத் திட்டத்தில் 2019-இலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். நம் நாட்டில் சுற்றும் ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைக்கும் அது காப்பு. கன்றுக்கு நாலாவது மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி. ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் பால் குறையும் என்று முகாம் அன்று மாட்டைத் தோட்டத்துக்கு ஓட்டிப்போய்விடுகிறவர்களை எனக்குத் தெரியும். இரண்டு நாள் அரை லிட்டருக்குப் பயந்து ஒரு காம்பையே இழப்பது என்ன கணக்கோ. பெரியம்மைக்கு ஆட்டம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போடுகிறார்கள், அதையும் தவறவிடாதீர்கள். எந்த ஊசியானாலும் ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி முனை என்று கேட்டு வாங்குங்கள். ரத்தப் புற்று வைரஸ் பரவ ஒரே முனை போதும்.

புதிதாக மாடு வாங்கினால் மூன்று வாரம் தனியே கட்டிக் கறந்து பாருங்கள். சந்தையில் வாங்குகிறவர்கள் மொத்தப் பாலின் அளவை மட்டும் பார்க்கிறார்கள். நாலு காம்பையும் தனித்தனியாகக் கறக்கச் சொல்லுங்கள், சோப்புக் கரைசலைச் சின்னப் புட்டியில் எடுத்துப்போங்கள், தரகர் சிரித்தால் சிரிக்கட்டும். காம்பு நுனியைக் கட்டை விரலால் தடவிப் பாருங்கள், வெளுத்து வழவழப்பான தழும்பு தட்டுப்படுகிறதா என்று. அப்புறம் மாட்டை ஒரு கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்து விலாவைக் கவனியுங்கள். மற்ற மாடுகள் சும்மா நிற்கும்போது இது மட்டும் நாய் மாதிரி இரைத்து, உடம்பில் முடியும் சடைசடையாக வளர்ந்திருந்தால் எப்போதோ கோமாரி வந்துபோன மாடாக அது இருக்கலாம். விலை பேசும் முன் அதன் மடியை இன்னொரு தடவை பாருங்கள்.